நாற்பது டிகிரிக்குக் கீழே

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவளைத் தெர்மாமீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு நாள் துணிக்கடையில் நின்றபடி பில் போட்டுக் கால் வீங்கினவள், ஏழாவது நாள் சமையலறையில் நின்றபடி முகத்துக்குப் பூசும் கிரீம் காய்ச்சுவாள். அதற்கு ஓய்வு நாள் என்று பெயர் வைத்தவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கலாம்.

கொதிக்கிற தண்ணீருக்கு மேல் பாத்திரம் வைத்து மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, சூடான நீரைச் சேர்த்து அடித்தால் வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். அதுவரை எவரும் செய்துவிடலாம். பிறகுதான் பாடு. நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கின பிறகே வைட்டமின் தூளைக் கரைத்து விட வேண்டும். சூட்டில் விட்டால் அதன் வீரியம் போய்விடும். கிரீம் பார்க்க அப்படியேதான் இருக்கும். பூசினால் ஒன்றும் நடக்காது. ஆறும் வரை தெர்மாமீட்டரைப் பார்த்தபடி கிண்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அன்றைய கிரீம் டீச்சருக்கு. இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டே பாடம் நடத்துகிறவர். கண்ட கிரீமையும் பூசித் தோல் வெந்துபோனவர். அக்கா கொடுத்த இரண்டு டப்பா தீர்ந்ததும் மங்கு கொஞ்சம் வெளுத்திருந்தது. மூன்றாவதை வாங்க ஐந்து மணிக்கு வருகிறார். கைவசம் இருந்த தூளும் ஒரு தடவைக்குத்தான். புதிது வரப் பத்து நாள் ஆகும்.

முப்பத்தெட்டு டிகிரியில் கரைசலை விட்டுக் கலக்கினாள். டப்பாவில் அடைப்பதற்கு முன் ஐந்தே நிமிடம் என்று நாற்காலியில் சாய்ந்தவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். உடம்பு என்ன இரும்பா?

விழித்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், கரண்டியும் கையுமாக நின்றார். பாத்திரத்தில் கிரீம் குமிழி விட்டது. தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள். எழுபத்தாறு.

"அசந்து தூங்கினியே, எழுப்ப மனசு வரல. ஆறி இறுகிப் போயிடுமேன்னு லேசா சூடு பண்ணேன்" என்றார்.

அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, பார்த்தால் தெரியாதுதானே, இந்த ஒரு தடவை கொடுத்துவிடேன் என்று முணுமுணுத்தார். அவளுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. வந்ததே அவமானமாக இருந்தது.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலிலேயே மாஸ்க்கைக் கழற்றிக் கன்னத்தைக் காட்டி, இந்த டப்பாவும் முடிந்தால் மாஸ்க் இல்லாமல் வகுப்புக்குப் போகலாமா என்று ஆசையாகக் கேட்டார்.

"இன்னிக்கு கிரீம் இல்ல டீச்சர். சூடு ஏறிப்போச்சு, இனிமே அது வேலை செய்யாது. நான்தான் தூங்கிட்டேன்."

பத்து நாள் என்றதும் டீச்சர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். தூள் வந்ததும் சொல்லுங்கள் என்று படியிறங்கினார். திரும்ப வருவாரா மாட்டாரா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா கிரீமைப் பழைய காகிதத்தில் வழித்துக் கொட்டினாள். கணவர் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம், அவர் எந்த நேரம் டியூட்டி முடிந்து வந்தாலும் சாப்பாடு ஆறாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அவளுக்காக அவர் ஒன்றை ஆற விடாமல் வைத்தது இதுதான் முதல் தடவை. அதைத்தான் கொட்டிக்கொண்டிருந்தாள்.