கன்னி மூலையில் விழுந்த எண்

1. எண்

நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு இரண்டு என்று எண் விழுந்ததும் பேச்சிமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வரப்பில் நின்ற ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை.

பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே, உப்பளம் தொடங்குவதற்கு முந்தைய கரிசல் அது. வரப்பில் நின்றால் துறைமுகப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாசி. மார்கழியில் பூப்பிடிக்கிற நேரத்தில் மழை விடாமல் அடித்து, உளுந்தில் பாதிப் பூ கொட்டிப்போயிருந்தது. மிச்சத்தை மஞ்சள் நோய் பார்த்துக்கொண்டது. அறுப்புக் கூலிக்கே விளைச்சல் கட்டாது என்று பலர் வயலை ஆட்டுக்கு விட்டுவிட்டார்கள். உழவு, விதை, களையெடுப்பு, மருந்து எல்லாம் மண்ணுக்குள் போன செலவு. திரும்பி வர ஒரே வழி பயிர்க் காப்பீடு.

வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டில் ஒவ்வொருவர் வயலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஓர் ஊருக்கு நான்கு வயல்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். அதற்குள் கிடைப்பதுதான் ஊரின் விளைச்சல். நான்கின் சராசரி, உத்தரவாத மகசூல் என்கிற கோட்டுக்குக் கீழே நின்றால் எல்லோருக்கும் இழப்பீடு. மேலே ஏறினால் ஒருவருக்கும் இல்லை. முகம் பார்த்து இடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ரேண்டம் நம்பர். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி காலடி எண்ணி நடக்க வேண்டும். நின்ற இடத்தில் முதல் முளைக்குச்சி அடித்து, சதுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவோம்.

மூன்று வயல் முடிந்திருந்தது. சராசரி கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கொஞ்சம்தான். நான்காவது பேச்சிமுத்துவின் வயல்.

"சார், வேற எண் போடுங்க," என்றார் அவர்.

"விழுந்தது விழுந்ததுதான் அண்ணாச்சி. சதுரம் வயலை விட்டு வெளிய போனாத்தான் மாத்தலாம்."

"அது கன்னி மூலை சார். எங்க அக்கா இருக்கா அங்கன."

அக்கா செண்பகம் தாவணி போடுகிற வயதில் அந்த மூலையில் பயறு பறிக்கும்போது பாம்பு தீண்டி இறந்தவள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இவர்கள் அந்த மூலையில் மூன்று கல் நட்டு வளையலும் ரிப்பனும் வைப்பார்கள். அங்கேயும் விதைப்பார்கள், ஆனால் அறுக்க மாட்டார்கள். அங்கே விளைவது அவள் பங்கு.

"வேதக்கார சாருக்குக் கன்னியாவது மூலையாவது," என்றார் வரப்பில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர். "ஒரு ஜெபத்தப் பண்ணிட்டுக் கயித்தக் கட்டச் சொல்லுங்கவே."

நான் நாசரேத்துக்காரன், கிறிஸ்தவன். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

2. பங்கு

மூலைக்குப் போனபோது உச்சிப் பொழுது. வயல் முழுக்க மஞ்சளாகக் கூனிக் கிடக்க, அந்த இடம் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கருத்த பச்சையாக நின்றது. கொத்துக் கொத்தாகக் காய், அறுப்புக்கு ஏற்றபடி காய்ந்து கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் மயில் கிளறி வைத்திருந்தது. இங்கே ஒரு மயில் தடம்கூட இல்லை. இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன். கடல் காற்று பனையோலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. இந்தச் செடிகளில் ஓர் இலை அசையவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த தினேஷ் செல்போனை எடுத்தான். "இது நல்லா வந்திருக்கே சார். கட்டுங்க, ஆப்ல லொக்கேஷன் ஏத்திருதேன்."

காயைப் பார்த்தே என்னால் கணக்குப் போட முடியும். போட்டேன். சராசரி கோட்டைத் தாண்டிவிடும். வரப்பில் நின்றவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. வெற்றிலைக்காரர் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சார், ஊரே போயிரும் சார்."

எண்ணை மாற்றினால் அது பொய்க் கணக்கு. மாற்றாவிட்டால் இத்தனை வீட்டுச் செலவும் மண்ணோடு போகும். முளைக்குச்சி நான்கையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எண்ணினேன். நான்குதான் இருந்தன.

பேச்சிமுத்துவின் மனைவி மாரியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏளா, எங்கன போற?" என்றார் பேச்சிமுத்து.

"மைனிகிட்ட நான் கேக்கேன். நீங்க சும்மா இருங்க."

அவள் அந்த மைனியை, புருஷனின் அக்காவை, உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனாலும் கல்லுக்கு முன்னால் நின்று அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"மைனி, ஊர்ப்பாடு ஒனக்குத் தெரியாதது இல்ல. இவுக ஒரு சதுரம் அறுக்க வந்திருக்காவ. ஒன் பங்குதான். குடுக்கதும் குடுக்காததும் ஒன் இஷ்டம்."

கல்லின் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அறுங்க சார். சரின்னுட்டா."

"எப்படிக்கா தெரியும்?" என்றான் தினேஷ்.

"ஒங்க வீட்டுல ஒங்க அக்கா சரின்னா ஒனக்குத் தெரியாதா தம்பி?"

3. கயிறு

முளை அடித்துக் கயிறு கட்டினோம். சதுரத்துக்குள் இருந்த செடிகளை மட்டும் பிடுங்கித் தார்ப்பாயில் போட்டோம். குவியல் என் இடுப்பு வரை வந்தது. பேச்சிமுத்து கம்பை எடுத்து அடித்தார்.

உளுந்து அடிக்கிற சத்தம் எனக்குப் பழக்கம். மணி தெறித்துத் தார்ப்பாயில் படபடவென்று விழும். அன்று அந்தச் சத்தம் வரவில்லை. காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சரசரப்பு மட்டும். பேச்சிமுத்து அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அடித்தார்.

தூற்றிப் பார்த்தபோது மிஞ்சியது ஒரு கை அளவு. தினேஷ் காய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வெளியே நல்ல திரட்சியாக இருந்தது. உள்ளே வெறும் தோல்.

"என்ன சார் இது?"

"சாவியாப் போச்சு. மழையில மணி பிடிக்கல," என்றேன். அப்படி நடப்பதும் உண்டு.

எடை போட்டோம். நான்கு வயலில் இதுதான் ஆகக் குறைவு. தினேஷ் தராசையும் குவியலையும் படம் எடுத்து ஏற்றினான். வெற்றிலைக்காரர் கல் பக்கம் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு நடந்துவிட்டார்.

அத்துடன் நான் வண்டியில் ஏறியிருக்கலாம். ஆனால் எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விட என்னால் முடியாது. கயிற்றை அவிழ்க்கும் முன் குனிந்து, கயிற்றுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்ற செடியில் ஒரு காயைப் பறித்துப் பிரித்தேன். உள்ளே ஆறு உளுந்து மணி. கறுத்து மினுங்கியது. அடுத்த காயில் ஏழு. அதற்கடுத்ததில் ஆறு. கயிற்றுக்கு உள்ளே சிந்திக் கிடந்த காயை எடுத்தேன். ஒன்றும் இல்லை. கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். வடக்குப் பக்கமும் பார்த்தேன். வெளியே எல்லாம் நிறைவு, உள்ளே எல்லாம் வெறுமை. ஒரே விதை, ஒரே மண், ஒரே மழை. நடுவில் நான் கட்டிய கயிறு.

"எண்ணாதீங்க சார்," என்று பின்னால் மாரியம்மாளின் குரல் கேட்டது. "கேட்டதக் குடுத்துட்டா. எழுந்திரிச்சு வாங்க."

கையில் இருந்த மணிகளைக் கல்லின் முன் வைத்துவிட்டு எழுந்தேன். விரலில் உளுந்து வாசனை இருந்தது.

ஊருக்கு இழப்பீடு வந்தது. மணி பிடிக்காததற்கு எனக்குத் தெரிந்த விஞ்ஞானக் காரணங்கள் ஐந்து. ஐந்தையும் அந்தக் கயிற்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நேர்கோட்டில் போய்ச் சதுரமாகத் திரும்பவில்லை. இப்போதும் வீட்டில் தோசைக்கு உளுந்து ஊறப்போட்டால் நான் அடுக்களைப் பக்கம் போவதில்லை. போனால் எண்ணத் தொடங்கிவிடுவேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விழுந்த எண்ணை மாற்றாதீர்கள். கயிறு கட்டும் முன், அந்த மூலை யாருடையது என்று வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். கயிற்றுக்குள் கிடைத்ததை உண்மையாக எடை போடுங்கள். கயிற்றுக்கு வெளியே கை நீட்டாதீர்கள்.