பொங்காத பதநீர்

பள்ளிக்கூடத்து ஈஸ்ட் டப்பாவைத் திறந்தால், உள்ளே செங்கல் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. மறுநாள் பத்து மணிக்குப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் செய்முறைத் தேர்வு. அருப்புக்கோட்டையில் நான் டீச்சராகச் சேர்ந்த முதல் வருஷம் அது.

காற்றில்லாச் சுவாசத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேஜையில் வைக்க வேண்டும். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டைப் போட்டால், ஆக்சிஜன் கிடைக்காத இடத்திலும் அது சர்க்கரையைப் பாதி உடைத்து, கிடைத்த கொஞ்சம் சக்தியில் பிழைத்துக்கொள்ளும். அரைவயிற்றுக் கஞ்சிப் பிழைப்புதான். மிஞ்சுவது சாராயமும் கரியமில வாயுவும். வாயு குழாயின் மூடிய நுனியில் சேர்ந்து கரைசலைக் கீழே தள்ளும்.

வரப்போகிற தேர்வாளர் பொல்லாதவர் என்று பேச்சு. போன வருஷம் வேறு ஊரில் வாயு வரவில்லை என்று அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்ஜியம் போட்டாராம். மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். ஒரு மார்க் குறைந்தாலும் இடம் போய்விடும்.

பாளையம்பட்டி பேக்கரியில் கேட்டேன். "லோடு நாளைக்குச் சாயங்காலந்தான் டீச்சர் வரும்" என்றார்கள்.

திரும்பி வரும்போது பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தேவாலயப் பிரசங்கத்தில் கேட்டது ஞாபகம் வந்தது: காலையில் இனிக்கிற பனஞ்சாறு மாலையில் பாவமாகிவிடும். அது நொதித்தல்தானே! நானும் படித்தவள்தானே என்ற பெருமையோடு ஒரு தூக்குவாளி வாங்கிவந்து குழாயில் நிரப்பி வைத்தேன்.

காலை எட்டு மணிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு குமிழ்கூட இல்லை. "தண்ணியக் கலந்து வித்துட்டான் பாவி" என்று வாய்விட்டே திட்டினேன். ஆய்வகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவித்தான டீச்சர் பதனி எறக்குறாக. புளிக்கக் கூடாதுன்னுதான அதத் தடவுறதே. நீங்க அதப் போயிப் பொங்கலியே, பொங்கலியேன்னு பாத்துக்கிட்டு நிக்கிறீக."

"அப்ப சுண்ணாம்பு இல்லாம வாங்கியாரலாமா?"

"அதுக்குப் பேரு கள்ளு. போலீசு பிடிச்சுட்டுப் போகும். இதுகூடவா தெரியாது?"

தெரியாது. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லே கிடையாது. சுண்ணாம்பு ருசிக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வெட்கமும் ஆத்திரமுமாக எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அழுகாதீக. முந்தாநாள் அரைச்ச இட்லி மாவு வீட்டுல பொங்கி வழியுது. எடுத்துட்டு வாரேன்."

மாவில் சர்க்கரைக் கரைசலைக் கலந்து, வடிகட்டி, குழாயில் ஊற்றி வெயில்படும் ஜன்னலில் வைத்தோம். பத்து மணிக்கு ஒரு விரல்கடை வாயு சேர்ந்திருந்தது. பதினோரு மணிக்குத் தேர்வாளர் அந்த மேஜைக்கு வந்தபோது மூன்று விரல்கடை. மல்லாங்கிணற்றுப் பெண் பக்கத்தில் நின்றாள்.

"இதுல என்னம்மா நடக்குது?"

"உள்ள இருக்கிற நுண்ணுயிருக்குக் காத்து கெடைக்கல சார். சர்க்கரையப் பாதி ஒடச்சு அந்தச் சக்தியில இருக்குதுக. கரியமில வாயு மேல நிக்குது."

அவர் பொட்டாஷ் வில்லை ஒன்றைக் குழாய்க்குள் போட்டார். அது வாயுவை உறிஞ்ச, கரைசல் மேலே ஏறியது. பிறகு குனிந்து முகர்ந்தார்.

"ஈஸ்ட் வாசம் இல்லையே?"

"இட்லி மாவு சார்" என்றேன். பொய் சொல்லத் தைரியம் இல்லை.

என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயுந்தான் தெனம் பொங்குது. இன்னைக்குத்தான் அதுக்கு மார்க் போடுறேன்" என்று அந்தப் பெண்ணின் பேருக்கு நேரே முழு மார்க்கை எழுதிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

அப்பாடா என்று இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.