அம்மாவின் வேலைக்கு ஒரு பெயர்

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை ஆட்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் ‘டேக் ஓவர்’ வரும். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வளைத்துப் போட்டால் டேக் ஓவர். ஷிப்ட் முடிந்து ஒருவர் கிளம்ப, அடுத்தவர் அதே மெஷினில் வந்து நின்றால் அதுவும் டேக் ஓவர்தான். இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் அது எப்படி நடக்கும் என்று மட்டும் நான் சொன்னதில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலை எஸ்டேட்காரர்கள் கொடுத்த லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக, ஒற்றை அறை வீடு. கொழுந்து எடுக்கும் அம்மா ரிட்டயரானால், பிள்ளைகளில் ஒருவர் அந்த வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. நாங்கள் இரண்டு பெண்கள். அம்மா ரிட்டயராகும்போது நான் கல்லூரியில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். தங்கை பிளஸ் டூ முடித்து, நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தாள்.

மனு இங்கிலீஷில் போனால்தான் மானேஜர் மதிப்பார் என்பது லயத்தில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. அதனால் அம்மா தாளை என்னிடம் கொடுத்தாள். தங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

“யார் பேரம்மா எழுத?”

“ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். நீயே பாத்து எழுதுட்டி.”

தங்கையின் பெயரை எழுதினேன். ‘டேக் ஓவர்’ என்று சரியான இடத்தில் போட்டுவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவள், தாளைப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். பதினாறு வருடமாகிவிட்டது. ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது, மழைக்காலம் முழுக்கக் காலில் சேற்றுப்புண். அவள் சம்பளத்தில்தான் நான் பி.எட். முடித்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

போன மாதம், அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை. மாதா கோயிலிலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம்.

“அக்கா, அன்னைக்கு என் பேர எழுதச் சொன்னது அம்மாதான?”

“ஆமா,” என்றேன்.

“பாவம், அவதான் என்ன செய்வா? நான்தான் அவ சாகுற வரைக்கும் அவகிட்ட முகங்கொடுத்துப் பேசல,” என்று சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.