நாலாவது தோப்பு

பங்காருபாளையத்தை விட்டுச் சித்தூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, காலில் அறுந்த செருப்பு, வாயில் அடங்காத சிரிப்பு. மாங்காய் மண்டியில் வேலை போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருப்பதிக்குப் போனால் ஏதாவது லாட்ஜில் துடைப்பமாவது கிடைக்கும்.

நடந்தது இதுதான். எங்கள் முதலாளி எந்தத் தோப்புக்கு விலை பேசப் போனாலும், எதிர் மண்டிக்காரர் முந்திக்கொண்டு முன்பணம் கொடுத்திருப்பார். யாரோ உளவு சொல்கிறார்கள். ஊர் ஊராகத் திரிந்து புதிதாக வந்து சேர்ந்தவன் நான். சந்தேகம் என்மேல் விழுந்தது.

நாயுடுபேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் படுத்துக் கிடந்த காலத்தில், வண்டி எங்கே நிற்கும் என்று ஆளுக்கொரு பொய் சொல்லி டீசல் திருடனைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதையே சொன்னேன். "டிரைவருக்கு ஒரு தோப்பு சொல்லுங்க மொதலாளி. கணக்குப்பிள்ளைக்கு வேற ஒண்ணு, எனக்கு வேற ஒண்ணு. நெசமா போறதை யாருக்கும் சொல்லாதீங்க. எதிர் மண்டிக்காரர் வண்டி எந்தத் தோப்புல நிக்குதோ, அதைக் கேட்டவன்தான் ஆளு."

மறுநாள் மூன்று தோப்பிலும் காக்கைகூட இல்லை. எதிராளியின் வண்டி நின்றது நாலாவது தோப்பில், முதலாளி மனசில் மட்டும் இருந்த தோப்பில்!

"மனசுல இருந்ததை எப்பிட்றா எடுத்தான்?" என்று டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போது அவர் மனைவி போன் செய்தார்; வேலூர்ப் பக்கத்துப் பெண். அதுவரை கடையில் தெலுங்கு பேசிக்கொண்டிருந்த முதலாளி, ரகசியம் என்பதால் தமிழுக்கு மாறினார். மாறியவர் குரலைக் குறைக்கவில்லை.

"நாளைக்கு மலையடித் தோப்புக்குப் போறேன். யார்கிட்டயும் சொல்லாத!"

பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசும் நகரி ஊர்க்காரர்கள். டீ ஆற்றுகிறவரும் நகரிதான்.

"அண்ணா, நேத்தும் இப்பிடித்தான் இன்னிக்குப் போன தோப்பைச் சொன்னீங்க. எதிர் மண்டி ஆளு இங்கதான் பன்னு துன்னுகினு இருந்தான்," என்றார் அவர்.

நான் சிரித்துவிட்டேன். கடையே சிரித்தது.

"மொதல்ல நீ கெளம்புடா!" என்றார் முதலாளி.

கிளம்பி நடந்துகொண்டிருந்தபோதுதான் பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. எதிர் மண்டிக்காரரே!

"என்னா தம்பி, வேலை போச்சாமே? உங்க ஆளு வெலையில எதுவரைக்கும் ஏறுவாரு? சொல்லு, பிரியாணி துன்னலாம்."

பசிதான். ஆனாலும், "அது அவரு சமாச்சாரம்ணா," என்றேன்.

"கொஞ்சம்கூட சொல்ல மாட்டியா?"

"ரெண்டு பிரியாணி குடுத்தாலும்."

அவர் ஹேண்டில்பாரில் கவிழ்ந்து சிரித்தார். "ஏறுடா வண்டியில. என் மண்டியிலயும் எவனோ வெளியே ஊதிக்கினு இருக்கான். அவனைப் புடி."

மறுநாள் காலை அவர் மண்டியில் சேர்ந்தேன். முதலில் வந்த போனை அவர் எடுத்து, கூலியாட்கள் நடுவே உரக்கப் பேச ஆரம்பித்ததும், கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.