சவர்க்காரம் போட்டுக் கழுவிய ரிவோல்வர்

அவித்த முட்டையின் மணம்...

பட்டறை மேசையில் அந்த ரிவோல்வரைப் பிரித்தபோது எண்ணெய்க்கு அடியிலிருந்து மெல்லியதாக வந்தது அதுதான். கடையின் முன்பக்கத்தில் காத்திருந்தவர்களிடம் அன்று நான் சொல்லாமல் விட்டதும் அதைத்தான். இது அண்மையில் சுடப்பட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை செய்தேன். வீட்டில் ஸ்போர்ட்ஸ் சாமான் கடை என்று சொல்லியிருந்தேன். அது பொய்யுமில்லை. வருகிறவர்கள் போட்டிக்குச் சுடுகிறவர்கள். அவர்கள் வாங்கியது பழங்கால மாதிரியில் புதிதாகச் செய்த ரிவோல்வர்கள். தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு குழியிலும் கரிமருந்தையும் ஈயக் குண்டையும் கையாலேயே அடைத்து, பின்னால், சுத்தியல் அடிக்கும்போது வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் ஒரு சின்னச் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். கரிமருந்து எரிந்தால் அவித்த முட்டை மணக்கும்; சுட்ட அன்றே சுடுதண்ணீரில் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும்.

கழுவுவது, பின்னால் பட்டறையில் இருந்த மன்னார் அருளண்ணையின் வேலை. பாத்திரம் கழுவும் அதே சவர்க்காரம், அதே பிரஷ்.

"ஊரிலை இதுகளைக் கண்டா ஓடினனாங்கள்," என்பார். "இஞ்சை இருத்திவைச்சுக் குளிப்பாட்டிறம்."

அந்தச் சனிக்கிழமை ஒரு மகனும் தாயும் வந்தார்கள். தாய்க்கு எழுபது இருக்கும். சாம்பல் நிறக் கோட், கையில் கம்பளிக் கையுறை. பேச்செல்லாம் மகன்தான்.

"அப்பான்ரை. அவர் போய் ஒரு வருசமாச்சு, அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. அம்மாக்குக் கை நடுங்குது. இனி இது வீட்டிலை இருக்கிறது சரியில்லை." ஜெர்மன் மொழியில்தான் சொன்னார். எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

தாய் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த தோல் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வரும்படி முதலாளி அதை என்னிடம் தந்தார். நான் அருளண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் மணந்து பார்த்தார். பிறகு சுத்தியலுக்குக் கீழே சிக்கியிருந்த எதையோ ஊசியால் கிளறி எடுத்தார். வெடித்த செப்புத் தொப்பியின் துண்டு... பளபளவென்று இருந்தது.

"இஞ்சை பாரும் பிள்ளை. செம்பு இன்னும் பச்சை பிடிக்கேல்லை. ஒரு வருசம் கிடந்த சாமானோ இது? மனிசி சுடுது."

"எந்த மனிசி?"

"முன்னுக்கு நிக்கிற மனிசிதான். பின்னை உம்மடை முதலாளியோ?"

"மகனுக்குத் தெரியாதோ அண்ணை?"

"தெரிஞ்சா அவன் இந்தக் கதை கதைப்பானோ."

"நான் இப்ப போய் என்ன சொல்லுறது?"

"கழுவி முடிக்க ஒரு கிழமை செல்லும் எண்டு சொல்லும்."

"ஒரு மணித்தியால வேலைதானே."

"நான் ஆறுதலாக் கழுவுவன்."

முன்னால் போய் அப்படியே சொன்னேன். உள்ளே கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, விலை பேச முதல் நன்றாகக் கழுவ வேண்டும், அடுத்த சனிக்கிழமை ஆகும் என்று. முதலாளி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மகனுக்கு டிரெஸ்டனில் வேலையாம், அன்றிரவே திரும்ப வேண்டுமாம். நீங்களே விற்றுவிட்டுக் காசை அனுப்புங்கள் என்றார்.

"துவக்கு வைச்சிருக்கிற பத்திரம் என்ரை பேரிலைதான் இருக்கு," என்றார் தாய். அன்று அவர் வாய் திறந்தது அப்போதுதான். "நானே வாறன். பஸ் ஓடுதுதானே."

பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போடக் கையுறையைக் கழற்றினார். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்பு. எங்கள் அருளண்ணையின் விரல்களில் எந்நேரமும் இருக்கும் அதே கறுப்பு. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, மகனுக்குப் பின்னால் நடந்து போனார். கை நடுங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். அருளண்ணை பிள்ளைகளோடு கனடாவில். இப்போதெல்லாம் குடும்ப வாட்ஸப் குழுவில் யார் எங்கே போனார், ஏன் போனார் என்று உடனே கேட்டுவிடுகிறோம். பதில் வராவிட்டால் கோபமும் வருகிறது... பார்த்ததைப் பார்க்காததுபோல விடுவதும் அன்பாக இருந்த ஒரு பட்டறையை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அங்கே ஒருவர் ஒரு மணித்தியால வேலையை ஒரு கிழமை செய்வார்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாய் தனியாக பஸ்ஸில் வந்தார். ரிவோல்வரை விற்கவில்லை. ஒரு டப்பா செப்புத் தொப்பி வாங்கி, இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு போனார்.