பனியன் துணியில் கட்டி இழுத்த மரம்

அண்ணனின் பனியன் கம்பெனி அருள்புரத்தில் இருக்கிறது. அலுவலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என் மகன் கட்டிங் பிரிவில் இருக்கிறான். வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தால் கன்டெய்னர் லாரி திரும்ப முடியவில்லை என்று அண்ணன் வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கிளைகளை ஒட்டி மின்கம்பி போவதால், மாதாந்திர மின்தடை நாளில்தான் அதை வெட்ட முடியும். அந்த நாள் ஆடியில் வந்து வாய்த்தது.

காலையிலிருந்தே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஆளைத் தள்ளியது. மரம் வெட்ட வந்தவர் பெட்ரோல் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"காத்து அதிகமா இருக்குதுங்க. கிழக்க கம்பெனி. மரத்தக் காத்துக்கு எதிரா, மேக்க சாய்க்கோணும். அடுத்த மாசம் பாத்துக்கலாங்களே?"

"அதுவரைக்கும் லாரியத் தோள்ல தூக்கிட்டு வாரதுங்களா?" என்றார் அண்ணன்.

"அப்ப நல்ல வடக்கயிறு ஒண்ணு வேணுங்க."

எங்கள் ஊரில் எதைக் கட்டவும் பனியன் துணிதான். மூட்டை கட்டுவது, குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது, பழுதாகி நின்ற வேனை இழுப்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது. கழிவுத் துணியை நீளமாகக் கிழித்து, பல புரிகளாக முறுக்கி, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கயிறு ஸ்டோரில் கிடந்தது. அண்ணன் அதைக் கொண்டுவரச் சொன்னார்.

"இந்த ஊரே இந்தத் துணியிலதானுங்க தொங்குது. ஒரு மரம் தொங்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மரம் வெட்டுகிறவரும் சிரித்தார்.

கயிற்றை மரத்தின் உயரத்தில் கட்டியதும், மின்சாரம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களை மேற்கே நின்று இழுக்க அண்ணன் கூப்பிட்டார். என் மகனை எல்லோருக்கும் முன்னால், மரத்துக்குப் பக்கமாக நிறுத்தினார்.

"அண்ணா, அவன் வேண்டாமே" என்றேன்.

"ஏன், உன்ற பையன் மட்டும் சக்கரையா? கரைஞ்சு போயிருவானா? நீ போயி ஆபீஸ்ல உக்காரு தம்பி."

ஆட்கள் முன் மகனின் முகம் சிவந்தது. "சும்மா இருங்கப்பா" என்றான். அலுவலகத்துக்குப் போகவும் மனமில்லாமல், அவனருகே போகவும் துணியாமல், நான் கேட்டோரம் நின்றேன்.

மரம் வெட்டுகிறவர், மரம் சாய வேண்டிய மேற்குப் பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டிவிட்டு, கிழக்கிலிருந்து அறுக்கத் தொடங்கினார். ரம்பம் பாதிக்கு மேல் போனபோது ஒரு பெருங்காற்று மரத்தைக் கம்பெனிப் பக்கம் தள்ளியது. அறுத்த பிளவு மூடி, ரம்பம் உள்ளே சிக்கிக்கொண்டது.

"உடாதீங்க! இழுங்க!" என்று அண்ணன் கத்தினார்.

இழுத்தார்கள். குதிகால்கள் மண்ணை உழுதன. கயிறு நீண்டது, மெலிந்தது, இன்னும் நீண்டது. அப்போது காற்று சட்டென்று நின்றது.

இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வரும் என்று சொல்லித்தான் இந்தத் துணியை நாங்கள் உலகத்துக்கு விற்கிறோம். கையில் எடுத்தால் இழுத்துப் பார்க்காமல் எங்களில் யாரும் அதைக் கீழே வைப்பதில்லை. அன்று அங்கே நின்ற ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

துணி சுருங்கிய வேகத்தில் மரம் இழுத்தவர்கள் பக்கமாகச் சாய்ந்து வந்தது. கயிறு தொய்ந்ததும் இழுத்தவர்கள் மல்லாந்து விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் உருண்டு தப்பினார்கள். என் மகன்மேல் கிளைகள் மூடின.

இலைகளுக்குள் தலையை விட்டு அவனைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே மறுபடி கூப்பிட்டேன்.

"அப்பா, கை வரமாட்டேங்குதுங்க."

தொடைப் பருமனுள்ள கிளை ஒன்று அவன் காதோரம் மண்ணில் இறங்கி நின்றது. இன்னொன்று தோளை அழுத்தியிருந்தது. எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அண்ணன் அவன் தலையைத் தடவினார். "கம்பெனி மேல உழுகாமப் போச்சே, அதுவே புண்ணியம் கண்ணு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஆமாங்க பெரியப்பா" என்றான் மகன்.

இப்போது கம்பெனிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அந்தக் கதையைச் சொல்கிறார். "மரம் உழுந்தப்ப என்ற தம்பி அழுததப் பாக்கோணுமே!" வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கன்டெய்னர் லாரி சுலபமாகத் திரும்புகிறது. கயிறு பழையபடி ஸ்டோரில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று ஜன்னலை அடித்தால் நான் எழுந்து போய் கட்டிங் மேசையில் மகன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அவன் இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை.

நேற்று சாப்பிடும்போது சொன்னான்: "பின்னாடி நிக்கற வேம்பையும் எடுக்கறாங்களாமுங்கப்பா. அடுத்த கரண்ட் கட் அன்னிக்கு."

"நீ போகக்கூடாது."

"பெரியப்பா கூப்பிட்டா எப்படிங்கப்பா மாட்டேங்கறது?" என்றான். கேலியில்லாமல், உண்மையாகவே கேட்டான். நான் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லி அவன் பார்த்ததில்லை.