அமிர்தநாதன் பொனட்டை வெட்டுகிறார்

புறப்படுமுன் அமிர்தநாதன் ஆட்களை எண்ணுவதில்லை, சீட்டுக்கு அடியிலுள்ள தண்ணீர்ப் போத்தல்களைத்தான் எண்ணுவார். சூடேறும் எஞ்சினுக்கு ஊற்ற ஐந்து இருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், பள்ளத்தில் கிடக்கும் தேயிலைத் தோட்டத்தில் வாடகைக்கு ஓடுவது அவருடைய கிழட்டு ஜீப் ஒன்றுதான். பெரிய ரோட்டுக்கு ஏறுவதற்குள் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிடும். யாராவது முணுமுணுத்தால், "அவசரம்னா எறங்கி நடங்க" என்று சிரிப்பார்.

போன ஜூனில் அதே தோட்டத்துச் செல்லசாமியின் மனைவி மீனம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஜீப் பாதி ஏற்றத்தில் நின்றது. சூடு இறங்க இருபது நிமிடம். அதற்குள் பின்சீட்டில், புருஷன் மடியிலேயே அந்த அம்மாவின் உயிர் போய்விட்டது. அமிர்தநாதனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும். அந்தச் சிரிப்புப் பேச்சு அன்றோடு நின்றது.

பிறகு போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. யாரோ வெள்ளைக்காரர் வீட்டு முற்றத்தில் ஜீப்பின் எஞ்சின் மூடியான பொனட்டை வெட்டி, சூடு வெளியேறச் சாய்ந்த பட்டைகள் வைத்த இரும்புச் சட்டங்களைப் பொருத்துகிறார். பேச்சு ஒன்றும் விளங்காமலே நாற்பது தடவை பார்த்திருப்பார். ஹட்டனில் பழைய வாகனம் உடைக்கும் கடையில் அப்படி இரண்டு வாங்கினார். பொனட் முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நூல் மேலே எழும்பித் துள்ளிய இடத்தில்தான் காற்று சூட்டை வெளியே இழுக்கும் என்று அங்கே கோடு போட்டார்.

"மழ பெஞ்சா தண்ணி உள்ளுக்குப் போகாதாங்க?" என்றாள் மனைவி பெற்றீசியா.

"அதுக்குக் கீழ தகரம் மடிச்சு வச்சிருக்கேன்."

லயத்து வாசலில் வெட்ட ஆரம்பித்தபோது தகடு அதிர்ந்தது. கூப்பிடாமலே செல்லசாமி வந்து நின்றார்.

"நான் புடிக்கிறேன். நீங்க வெட்டுங்கண்ணே."

அமிர்தநாதனுக்குக் கூசிப்போயிற்று. போகச் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு பேருமாக வெட்டி, அரத்தால் விளிம்பை ராவி, சட்டங்களை வைத்து முடுக்கினார்கள்.

முந்தாநாள் ஓட்டிப் பார்த்தார்கள். மீனம்மாவின் உயிர் போன வளைவு வந்தது. வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. ஜீப் நிற்காமல் ஏறி, பெரிய ரோட்டைத் தொட்டது.

"நிக்கலங்க" என்றார் அமிர்தநாதன்.

செல்லசாமி இறங்கினார். பொனட்டில் அனல் வந்துகொண்டிருந்த இரும்புப் பட்டைகளின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை. அமிர்தநாதன் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்.